ஓட்ஸ் ரகங்களின் முளைப்பில் தெரியும் வித்தியாசம் மரபால் வந்ததுதானா? எப்படி உறுதி செய்வது?

நாற்றுமாணவி:

எல்லோருக்கும் வணக்கம். முதுநிலை ஆய்வுக்காக ஓட்ஸ் ரகங்களில் விதை முளைப்பையும் நாற்றின் ஆரம்ப வளர்ச்சியையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். முப்பதுக்கும் மேற்பட்ட ரகங்கள், அவற்றில் சில உமியில்லா வகை. பெட்ரி டிஷ்ஷில் ஈரத் தாள் போட்டு 20 டிகிரி செல்சியஸில் வைத்து, தினமும் முளைத்ததை எண்ணி, பத்தாம் நாளில் வேர் நீளம், தண்டு நீளம், உலர் எடை எல்லாம் எடுத்தேன். அனோவாவில் (சராசரிகளுக்கிடையே உள்ள வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் சோதனை) ரகங்களுக்கிடையே வித்தியாசம் மிகத் தெளிவாக வந்திருக்கிறது. ஜி.சி.வி. (மரபால் வரும் மாறுபாட்டின் அளவு), பி.சி.வி. (வெளியே தெரியும் மொத்த மாறுபாட்டின் அளவு) இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கின்றன, ஹெரிடபிலிட்டி, அதாவது மொத்த மாறுபாட்டில் மரபின் பங்கு, 0.9-க்கு மேல். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இவ்வளவு உயர்வாக வருவதே எனக்கு உறுத்துகிறது. ஏனென்றால் விதைகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தவை அல்ல. சில மரபணு வங்கியிலிருந்து வந்த பழைய விதை, சில போன பருவத்தில் பெருக்கியது, சில வேறு நிலையங்களிலிருந்து வாங்கியது.

இதை "மரபியல் வேறுபாடு" என்று தலைப்பிட்டு எழுதலாமா? இன்னொன்று, உமியில்லா ரகங்கள் சீக்கிரம் முளைக்கின்றன, ஆனால் அவற்றில்தான் பூஞ்சாணமும் கோணல்மாணலான நாற்றும் அதிகம். இது ரகத்தின் குணமா, வேறு ஏதாவதா? அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


விதைச்சோதனை:

உங்கள் உறுத்தல் நியாயமானது, அதை விட்டுவிடாதீர்கள். நீங்கள் ஒப்பிட்டிருப்பது ரகங்களை அல்ல, விதைக்குவியல்களை. ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரே ஒரு குவியல்தான் இருக்கிறது, அந்தக் குவியலோடு அதன் வயது, அது விளைந்த வயல், மணி நிரம்பும்போது இருந்த வெப்பம், அறுவடை ஈரம், சேமிப்பு எல்லாம் ஒட்டிக்கொண்டே வருகின்றன. எத்தனை டிஷ் வைத்தாலும் இதைப் பிரிக்க முடியாது.

ஓட்ஸில் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், முளைப்பைக் கட்டுப்படுத்தும் பாகங்களில் பாதிக்கு மேல் தாய்ச்செடியின் சொத்து. உமி தாயின் திசு. விதையுறையும் தாயின் திசு. முளைசூழ்தசையில் (கருவுக்கு உணவாகும் பகுதி) மூன்றில் இரண்டு பங்கு மரபுப்பொருள் தாயிடமிருந்து வந்தது. கரு மட்டும்தான் பாதிக்குப் பாதி. ஓட்ஸ் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் ஒரு தூய ரகத்துக்குள் இந்தக் கணக்கு பெரிதாகத் தெரியாது, ஆனால் தாய்ச்செடி எந்தச் சூழலில் வளர்ந்தது என்பது அப்படியே விதையில் பதிந்துவிடும். மணி நிரம்பும் காலம் குளிராக இருந்தால் விதை உறக்கம் (உயிரோடு இருந்தும் முளைக்காமல் இருக்கும் நிலை) கூடும், வெயிலும் வறட்சியுமாக இருந்தால் குறையும். காட்டு ஓட்ஸில் இதை நிறையப் பேர் காட்டியிருக்கிறார்கள், கோதுமை, பார்லியிலும் இதே போக்குதான்.

அப்புறம் உறக்கம். புதிதாக அறுத்த ஓட்ஸ் விதை 20 டிகிரியில் முளைக்காமல் படுத்திருக்கும், அதையே 10 டிகிரியில் வைத்தால் முளைத்துவிடும். அதாவது தானியங்களில் உறக்கம் என்பது இருக்கு, இல்லை என்று இரண்டே நிலை அல்ல, எந்த வெப்பத்தில் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் பட்டியலில் மெதுவாக முளைத்த ரகங்களைப் பாருங்கள், போன பருவத்து விதைகள்தான் அவற்றில் அதிகம் என்றால் நீங்கள் அளந்தது வீரியம் அல்ல, மீதமிருந்த உறக்கம். வங்கியிலிருந்து வந்த பழைய விதைகள் மந்தமாக இருந்தால் அது மூப்பு. இரண்டும் கடைசி எண்ணில் ஒரே மாதிரி தெரியும், காரணம் நேர் எதிர்.

இதைப் பிரிக்க வழி இருக்கிறது. இஸ்டா (சர்வதேச விதைச் சோதனைச் சங்கம்) விதிகளில் ஓட்ஸுக்கு 20 டிகிரி, முதல் எண்ணிக்கை 5-ம் நாள், கடைசி எண்ணிக்கை 10-ம் நாள், நூறு நூறாக 400 விதை. உறக்கம் நீக்க 30 முதல் 35 டிகிரியில் முன்சூடு, அல்லது முன்குளிர்ச்சி, அல்லது தாளை ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஹார்மோனின் கரைசலால் நனைப்பது (லிட்டருக்கு 500 மில்லிகிராம் வழக்கம்). ஒவ்வொரு குவியலையும் உறக்கம் நீக்காமல் ஒருமுறை, நீக்கி ஒருமுறை சோதியுங்கள். நீக்கிய பிறகு எகிறினால் உறக்கம். அப்போதும் மந்தம் என்றால் மூப்போ சேதமோ. ஒரு எச்சரிக்கை, ஜிப்ரலிக் அமிலம் போட்ட நாற்றுகளில் நீளம் அளக்காதீர்கள். அது நாற்றை இழுத்து நீட்டிவிடும், அதுவும் எல்லா ரகத்தையும் ஒரே அளவுக்கு நீட்டாது. நாற்று அளவுகளுக்கு முன்குளிர்ச்சிதான் பாதுகாப்பு.


எண்கணக்கு:

மேலே சொன்னதற்குக் கணக்குப் பக்கமும் உண்டு. ஜி.சி.வி.யும் பி.சி.வி.யும் நெருக்கமாக வந்ததற்குக் காரணம் எளிது. ஒரே அறையில், ஒரே வெப்பத்தில், ஒரே நேரத்தில் செய்த சோதனையில் பிழை வேரியன்ஸ் (காரணம் சொல்ல முடியாத சிதறலின் அளவு) இயல்பாகவே சிறியது. ஹெரிடபிலிட்டி என்பது மரபு வேரியன்ஸை மொத்த வேரியன்ஸால் வகுப்பது, சராசரிகளுக்குக் கணக்கிடும்போது மொத்தத்தில் மரபு, சூழலோடு மரபு ஊடாடும் பங்கைச் சூழல்களின் எண்ணிக்கையால் வகுத்தது, பிழையைச் சூழல்களின் எண்ணிக்கையையும் ரெப்ளிகேஷன் (அதே சோதனையைத் திரும்பச் செய்த தடவை) எண்ணிக்கையையும் பெருக்கி வருவதால் வகுத்தது மூன்றும் வரும். உங்களிடம் விதை விளைந்த சூழல் ரகத்துக்கு ஒன்றுதான். ஆகவே அந்த ஊடாட்டமும், தாய்ச்சூழலின் விளைவும், சேமிப்பின் விளைவும் எல்லாம் போய் "மரபு" என்ற பெட்டியில் உட்கார்ந்துவிடுகின்றன. நீங்கள் பெற்ற 0.9 சொல்வது, இதே விதைக்குவியல்களை மறுபடி முளைக்க வைத்தால் இதே வரிசை வரும் என்பதை மட்டுமே. அதை ரிப்பீட்டபிலிட்டி என்று எழுதுங்கள், தவறில்லை. ஹெரிடபிலிட்டி என்று எழுதாதீர்கள்.

அடுத்தது, டிஷ்தான் சோதனை அலகு, விதை அல்ல. ஒரு டிஷ்ஷில் இருக்கும் நாற்றுகள் ஒரே ஈரத்தையும் ஒரே பூஞ்சாணத்தையும் பகிர்ந்துகொள்கின்றன. ஐம்பது நாற்றின் வேர் நீளத்தை ஐம்பது சுயேச்சையான அளவாகப் போட்டு அனோவா ஓட்டினால் எதுவும் முக்கியத்துவத்தோடுதான் வரும். டிஷ் சராசரியை வைத்து ஓட்டுங்கள், அல்லது கலப்பு மாதிரியில் (நிலையான, தற்செயலான விளைவுகள் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் முறை) டிஷ்ஷைத் தற்செயல் விளைவாகச் சேருங்கள்.

முளைப்பு சதவீதம் 95, 98, 100 என்று ஒரு முனையில் குவிந்திருக்கும்போது சாதாரண அனோவா பொருந்தாது. முளைத்தது, முளைக்காதது என்ற இருநிலைத் தரவுக்கு லாஜிஸ்டிக் கலப்பு மாதிரி இருக்கிறது, ஆர்சைன் மாற்றம் போட்டு (அனோவாவுக்குப் பொருந்தும்படி சதவீதத்தை மாற்றும் வழி) ஒப்பேற்ற வேண்டியதில்லை. தினசரி எண்ணிக்கை உங்களிடம் இருக்கிறதே, அதுதான் உங்கள் தரவிலேயே மதிப்பு மிக்கது. அதைச் சராசரி முளைப்பு நாள் என்று ஒரே எண்ணாகச் சுருக்காமல் ஒவ்வொரு விதையும் முளைக்க எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கும் பகுப்பாய்வாக (டைம்-டு-ஈவென்ட்) செய்யுங்கள். பத்தாம் நாள்வரை முளைக்காத நல்ல விதை "முளைக்காது" என்று அர்த்தமில்லை, அதுவரை முளைக்கவில்லை என்பதுதான் நமக்குத் தெரிந்தது. சராசரி முளைப்பு நாள் கணக்கில் இந்த விதைகள் காணாமலே போய்விடுகின்றன, அதனால் பாதி விதை மட்டும் வேகமாக முளைத்த ஒரு ரகம் மிகச் சுறுசுறுப்பானதாகத் தோன்றும்.

வீரியக் குறியீடு போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், முளைப்பு சதவீதத்தை நாற்று நீளத்தால் பெருக்குவது. 1973-ல் சோயா விதைக்காக அப்துல்-பாகியும் ஆண்டர்சனும் முன்வைத்தது, இன்று எல்லாப் பயிருக்கும் எல்லா ஆய்வேட்டிலும் வருகிறது. விதைக்குவியலைத் தரம் பிரிக்க அது போதும். மரபியலுக்கு அது கெடுதல்தான், வெவ்வேறு காரணங்களால் வரும் இரண்டு குணங்களைப் பெருக்கி ஒன்றாக்கிவிட்டால் எது மரபாகக் கடந்தது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. தனித்தனியாகவே கொடுங்கள்.


நாற்றுமாணவி:

இருவருக்கும் மிக்க நன்றி. பதிவேட்டைப் பார்த்தேன், மந்தமாக முளைத்தவற்றில் பெரும்பாலானவை போன பருவத்து அறுவடைதான். வழிகாட்டியிடம் பேசினேன், வரும் பருவத்தில் எல்லா ரகத்தையும் ஒரே வயலில் பெருக்க அனுமதி கிடைத்திருக்கிறது. அப்படிச் செய்தால் மட்டும் போதுமா? மணியின் அளவு ரகத்துக்கு ரகம் மிகவும் மாறுகிறது, பெரிய மணியிலிருந்து பெரிய நாற்று வருவது இயல்புதானே, அதைக் கோவேரியட்டாக (விளைவைக் கணக்கில் நீக்க வேண்டிய துணை அளவாக) போட்டுச் சரிசெய்துவிடலாமா? உமியில்லா ரகங்களைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.


பயிர்ப்பெருக்கம்:

ஒரே வயலில் பெருக்குவது அவசியம், ஆனால் முடிந்தால் இரண்டு வயல் அல்லது இரண்டு விதைப்புத் தேதி வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் எண்கணக்கு சொன்ன ஊடாட்டத்தைப் பிரிக்க முடியும். வயலிலும் ரெப்ளிகேஷனாக விதைத்து, ஒவ்வொரு பாத்தியின் விதையையும் தனிப்பையில் வைத்திருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி ஒரு குவியலாக்கினால் மறுபடியும் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

பூக்கும் நாள் ரகத்துக்கு ரகம் மாறும் என்பதையும் கவனியுங்கள். ஒரே வயல் என்றாலும் முந்திப் பூத்த ரகம் ஒரு வெப்பத்திலும் பிந்திப் பூத்தது இன்னொரு வெப்பத்திலும் மணி நிரப்பியிருக்கும். கதிர் வந்த நாளையும் முதிர்ந்த நாளையும் குறித்து வைத்து, அறுவடைக்குப் பின் ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு சேமிப்புக் காலம் கொடுத்துச் சோதியுங்கள்.

மணி அளவு விஷயத்துக்கு வருவோம், இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஓட்ஸின் ஒரு சிறுகதிரில் முதல் மணி பெரியது, இரண்டாம் மணி சிறியது, சில சமயம் மூன்றாவது ஒன்று இன்னும் சிறிதாக இருக்கும். உறக்கமும் இவற்றுக்கிடையே மாறும். ஆகவே ஒரு ரகத்தில் முதல் மணி அதிகமாகவும் இன்னொன்றில் இரண்டாம் மணி அதிகமாகவும் உங்கள் டிஷ்ஷுக்குள் போயிருந்தால் அந்த ஒப்பீட்டுக்கே அர்த்தமில்லை. கதிரிலிருந்து கையால் முதல் மணிகளை மட்டும் பிரித்தெடுங்கள். சல்லடை அதற்கு மாற்றாகாது, ஏனென்றால் சிறுமணி ரகத்தின் முதல் மணியும் பெருமணி ரகத்தின் இரண்டாம் மணியும் ஒரே சல்லடையில் நின்றுவிடும்.

அப்படிப் பிரித்த பிறகும் எஞ்சும் எடை வித்தியாசத்தை கோவேரியட் போட்டு நீக்கலாமா என்றால், கேள்வி என்ன என்பதைப் பொறுத்தது. மணி எடையே வலுவாக மரபைச் சார்ந்த குணம். அதை நீக்கிவிட்டால் நாற்று வீரியத்தின் மரபுப் பங்கில் ஒரு பெரிய துண்டையும் சேர்த்து நீக்குகிறீர்கள். "எடை சமமாக இருந்தாலும் இந்த ரகம் வேகமாக வளர்கிறதா" என்று கேட்டால் கோவேரியட் சரி. "எந்த ரகம் நன்றாக எழும்புகிறது" என்று கேட்டால் வேண்டாம். நான் என்றால் இரண்டு பகுப்பாய்வையும் அடுத்தடுத்த அட்டவணையில் கொடுப்பேன், வரிசை எங்கே மாறுகிறது என்பதுதான் படிக்கிறவருக்குச் சுவாரசியம். எடையில் இன்னொரு நுணுக்கம், உமியோடு நிறுத்தாதீர்கள். மணி எடையில் சுமார் கால் பங்கு உமிதான், அந்தப் பங்கும் ரகத்துக்கு ரகம் மாறும். நாற்றுக்கு உணவாவது உள்மணி மட்டுமே.

உமியில்லா ரகங்கள்: உமி போனதால் நீரும் ஆக்ஸிஜனும் தடையில்லாமல் போகின்றன, அதனால் வேகம். ஆனால் அந்த மணியில் கரு வெளியே துருத்திக்கொண்டிருக்கும், கதிரடிக்கும் இயந்திரம் அதை எளிதில் நசுக்கிவிடும். நீங்கள் பார்த்த கோணல் நாற்றுகளில் பெரும்பங்கு அந்தச் சேதமாக இருக்க வாய்ப்பு அதிகம், சேதமான இடத்தில்தான் பூஞ்சாணமும் நுழையும். இது போக ஓட்ஸ் மணியில் கொழுப்பு மற்ற தானியங்களைவிட அதிகம், லைபேஸ் நொதியும் வலுவானது, ஆகவே அடிபட்ட மணி சேமிப்பில் சீக்கிரம் கெடுகிறது. கையால் கதிரடித்த விதையை வைத்துப் பாருங்கள். கூடவே உமியுள்ள ரகங்களிலும் ஒரு பகுதியைக் கையால் உமி நீக்கிச் சோதித்தால், உமியின் விளைவு எவ்வளவு, உள்மணியின் குணம் எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரியும்.


களைக்கொத்தி:

ஒரு மறுப்பு. உமியை நீக்கிச் சோதிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. விவசாயி உமியோடுதான் விதைக்கிறார். உமியோடு எது நன்றாக முளைக்கிறது என்பதே பயனுள்ள தகவல், உமி நீக்கிய விதையின் தரவை வைத்து யாரும் ரகம் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. கையால் உமி நீக்கும்போது கருவில் நகம் பட்டாலும் அது புதுச் சேதம்.


பயிர்ப்பெருக்கம்:

நகம் படும் ஆபத்து உண்மை, லென்ஸ் வைத்துச் செய்து, கீறல் பட்டதை ஒதுக்கிவிட வேண்டும். ரகத் தேர்வுக்கு உமியோடு உள்ள தரவுதான் வேண்டும் என்பதிலும் மறுப்பில்லை. ஆனால் அவர் தலைப்பு மரபியல் வேறுபாடு. உமியால் வரும் தாமதமும் கருவால் வரும் தாமதமும் வெவ்வேறு தலைமுறையில் பிரிகின்றன. இரண்டு ரகங்களைக் கலந்து கிடைக்கும் எஃப்1 (முதல் கலப்புத் தலைமுறை) விதையில் கரு கலப்பினம், உமியோ முழுக்கத் தாய் ரகத்துடையது. எஃப்1 செடியில் விளையும் எஃப்2 விதைகளில் கருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம், உமி எல்லாம் ஒரே எஃப்1 மரபு. ஆகவே எஃப்2 விதைகளை உமியோடு முளைக்க வைத்து வித்தியாசம் எதுவும் காணவில்லை என்றால் "இந்தக் குணம் மரபாகக் கடக்கவில்லை" என்று முடிவுகட்டக் கூடாது, உமியின் மரபு பிரிந்து தெரிய எஃப்2 செடிகளிலிருந்து எடுத்த விதைகள்வரை காத்திருக்க வேண்டும். இருபக்கக் கலப்பு செய்து, தாயை மாற்றினால் முடிவு மாறுகிறதா என்று பார்ப்பதும் இதற்காகத்தான். இந்த வித்தியாசம் தெரியாமல் வரைபடத்தில் மரபணு தேடினால் கிடைக்காது.


களைக்கொத்தி:

அந்த நோக்கத்துக்கு என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன்.

நாற்றுமாணவிக்கு ஒன்று சேர்க்கிறேன். பட்டியலில் காட்டு ஓட்ஸ் ஒன்றிரண்டைச் சேர்க்க முடிந்தால் சேருங்கள், பயிர் ஓட்ஸைப் போலவே அதுவும் ஆறுமடங்கு (ஆறு குரோமோசோம் தொகுதிகள் கொண்டது), 42 குரோமோசோம். களையாக அது இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்கு அதன் உறக்கமே முக்கியக் காரணம், ஒரே தாயின் விதைகள் வெவ்வேறு ஆண்டுகளில் முளைக்கும். பயிர் ரகங்களில் உறக்கத்தின் வீச்சு குறுகியிருக்கிறது, ஏனென்றால் விதைத்ததும் முளைக்காததை மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக விட்டுவிட்டார்கள். காட்டு வகையை அருகில் வைத்துப் பார்க்கும்போதுதான் இந்தக் குணத்தில் எவ்வளவு மரபு வேறுபாடு சாத்தியம் என்பது தெரியும். ஆனால் சோதனை முடிந்ததும் ஒரு விதைகூட வயலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.


நாற்றுமாணவி:

காட்டு ஓட்ஸ் யோசனை பிடித்திருக்கிறது, வழிகாட்டியிடம் கேட்கிறேன். கடைசியாக ஒன்று. நாற்றில் எதை அளப்பது பயன் தரும்? வேர் நீளம், தண்டு நீளம், உலர் எடை மூன்றும் எல்லோரும் செய்கிறார்கள். ஓட்ஸுக்கென்று குறிப்பாக ஏதாவது இருக்கிறதா?


பயிர்ப்பெருக்கம்:

இருக்கிறது. கோலியோப்டைலும் (முளைக்குருத்தைச் சுற்றியிருக்கும் உறை) மீசோகோட்டைலும் (விதைக்கும் அந்த உறையின் அடிக்கும் இடையே உள்ள தண்டுப் பகுதி). கோதுமையிலும் பார்லியிலும் மீசோகோட்டைல் நீள்வதில்லை. ஓட்ஸில் இருட்டில் அது நன்றாக நீண்டு, முளைக்குருத்தின் அடிப்பகுதியையே மண்ணின் மேற்பரப்பை நோக்கித் தள்ளுகிறது. ஆழத்தில் விழுந்த விதை வெளியே வருமா என்பதை இரண்டின் நீளமும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. பெட்ரி டிஷ்ஷில் வெளிச்சத்தில் வளர்த்த நாற்றில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது, "தண்டு நீளம்" என்று ஒரே எண்ணாக அளந்தால் இன்னும் மோசம். தாள் சுருளில் அல்லது மணலில், முழு இருட்டில் வளர்த்து, இரண்டையும் தனித்தனியாக அளங்கள்.

முழு இருட்டு என்றால் உண்மையிலேயே முழு இருட்டு. ஓட்ஸின் மீசோகோட்டைல் சிவப்பு ஒளிக்கு மிக மிக நுட்பமாக எதிர்வினை செய்யும், மிகச் சிறிதளவு பட்டாலே அதன் வளர்ச்சி தடைப்படும், கோலியோப்டைல் அதற்கு எதிராக நீளும். பச்சை விளக்கு பாதுகாப்பானது என்று நம்பி நடுவில் திறந்து பார்க்காதீர்கள், அதற்கும் எதிர்வினை உண்டு. 1928-ல் ஃப்ரிட்ஸ் வென்ட் ஆக்ஸின் என்ற வளர்ச்சி ஹார்மோனை அளக்க ஓட்ஸ் கோலியோப்டைலை எடுத்துக்கொண்டது இந்த நுட்பம் தெரிந்துதான் என்று எனக்குத் தோன்றும். தாவர ஹார்மோன் ஆய்வே இந்தச் சின்ன உறுப்பிலிருந்து வளர்ந்தது, பயிர்ப்பெருக்கத்தில் நாம் அதை இன்னும் சரியாகப் பயன்படுத்தவில்லை.

உங்கள் பட்டியலில் குட்டை ரகங்கள் இருந்தால் கவனம். கோதுமையில் பரவலாக உள்ள ஆர்எச்டி குட்டை மரபணுக்கள் கோலியோப்டைலையும் சுருக்கும் என்பது தெரிந்த விஷயம், அவை ஜிப்ரலின் (ஜிப்ரலிக் அமிலம் சேர்ந்த ஹார்மோன் வகை) கொடுத்தாலும் அசையாதவை. ஓட்ஸின் டிடபிள்யூ6 குட்டை மரபணு அப்படியல்ல, அந்தக் குட்டைச் செடி ஜிப்ரலினுக்கு எதிர்வினை செய்யும். ஆகவே கோதுமையில் கண்டதை அப்படியே ஓட்ஸுக்குப் பொருத்தாமல் உங்கள் குட்டை ரகங்களை நேராக அளந்து பாருங்கள்.


விதைச்சோதனை:

வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 டிகிரியில் நல்ல விதை எல்லாம் நன்றாகவே முளைக்கும், ரகங்கள் பிரிந்து நிற்பது குளிரில். 20-ஓடு 10, முடிந்தால் 5 டிகிரியும். 5-ல் நாள் கூடுதலாக ஆகும், பத்தாம் நாளோடு நிறுத்திவிடாதீர்கள். டிஷ் இருக்கும் தட்டிலேயே வெப்பமானி வைத்துப் பதிவு செய்யுங்கள், பெட்டியின் முகப்பில் காட்டும் எண்ணும் மேல்தட்டு, கீழ்த்தட்டு வெப்பமும் ஒன்றாக இருப்பதில்லை.


எண்கணக்கு:

அந்தத் தட்டு வித்தியாசத்துக்காகத்தான் ஒவ்வொரு தட்டையும் ஒரு பிளாக்காக (ஒரே சூழல் உள்ள தொகுதியாக) வைத்து, ரகங்களை அதற்குள் ரேண்டமாக அடுக்க வேண்டும். ரக வரிசைப்படி அடுக்கினால் கடைசித் தட்டு ரகங்கள் எல்லாம் "மந்தமான மரபு" ஆகிவிடும்.

பின்னால் மரபணு இருப்பிடம் தேடும் எண்ணம் இருந்தால் ஒரு வார்த்தை. 2022-ல் சாங் என்ற ஓட்ஸ் ரகத்தின் முழு மரபணுத்தொகுதி வெளியானது, அது பெரிய உதவி. ஆனால் ஓட்ஸின் மூன்று துணைத்தொகுதிகளுக்கிடையே (மூன்று மூதாதைகளிடமிருந்து வந்த குரோமோசோம் தொகுதிகள்) குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருக்கின்றன, எல்லா ரகத்திலும் ஒரே மாதிரியாகவும் இல்லை. அமைப்பு வேறான இரண்டு ரகங்களைக் கலந்தால் அந்தப் பகுதிகளில் மறுசேர்க்கை (இரு பெற்றோரின் மரபணுத் துண்டுகள் இடம் மாறிக் கலப்பது) குறைந்து, நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒரே கட்டாக நகரும். முப்பது சொச்சம் ரகங்களை வைத்து அதற்குள் இறங்க முடியாது. இப்போதைக்கு வேரியன்ஸைச் சரியாகப் பிரித்துக் காட்டினாலே அது முழுமையான ஆய்வு.


நாற்றுமாணவி:

புரிந்தது. இப்போதுள்ள தரவை முதல்கட்ட விதைக்குவியல் ஒப்பீடு என்ற பெயரில் ஒரு சிறு பகுதியாக மட்டும் வைக்கிறேன், ரிப்பீட்டபிலிட்டி என்றே எழுதுகிறேன். வரும் பருவத்தில் இரண்டு விதைப்புத் தேதி, பாத்தி வாரியாக விதை, முதல் மணி மட்டும், உமியோடும் உமி நீக்கியும், இருட்டில் மீசோகோட்டைல் அளவு. வேலை நிறைய இருக்கும், எல்லா ரகத்துக்கும் உமி நீக்க முடியாது என்று தோன்றுகிறது.


பயிர்ப்பெருக்கம்:

எல்லாவற்றுக்கும் வேண்டாம். முதல்கட்டத்தில் மிக வேகம், மிக மந்தம் என்று இரு முனையில் நின்றவற்றையும், நடுவிலிருந்து சிலவற்றையும் எடுத்துச் செய்யுங்கள். உமி நீக்கியதும் மந்தமானவை மற்றவற்றை எட்டிப்பிடிக்கின்றனவா என்பதுதான் கேள்வி, அதற்கு அது போதும். முடிவு வந்ததும் இங்கே போடுங்கள், உமியுள்ள ரகங்களில் அந்த இடைவெளி எவ்வளவு குறைகிறது என்று எனக்கும் பார்க்க வேண்டும்.